மொட்டை மாடியில் நெற்பயிரைத் தண்ணீரில்லாமல் வாடவிட்டுப் பார்ப்பது எப்படி

முதுகுளத்தூர்ப் பக்கம் எங்கள் நிலம் மானாவாரி. புரட்டாசியில் காய்ந்த மண்ணிலேயே விதையைப் போடும் புழுதி விதைப்பு, அப்புறம் வானத்தைப் பார்க்க வேண்டியதுதான். நான் இருப்பது பெங்களூரில், ராமமூர்த்தி நகரில். "பயிர் சுருண்டு கெடக்குத்தா" என்று அப்பா போனில் சொன்னால், அது எவ்வளவு மோசம் என்று எனக்குப் புரியாது. அதனால் மாடியிலேயே நெல் வளர்த்து, தண்ணீர் விடாமல் வாடவிட்டுப் பார்த்தேன். நீங்களும் பார்க்கலாம். பிப்ரவரி, மார்ச்தான் தோது. இங்கே அப்போது மழைத் தொல்லை குறைவு.

வாளி வேண்டாம், வேர் அடியில் போய்ச் சுற்றிக்கொள்ளும். 4 அங்குல பிவிசி குழாயை 3 அடி நீளத்துக்கு மூன்று துண்டு நறுக்கி, அடியில் பழைய வேட்டித் துணியை இறுக்கிக் கட்டி, செம்மண் நிரப்புங்கள். மேல் விளிம்பில் எதிரெதிரே இரண்டு துளை போட்டுக் கயிறு கோர்த்துக்கொள்ளுங்கள். விமானத்துக்குக் கிளம்புகிறவர்கள் பெட்டியைத் தொங்கவிட்டு எடை பார்ப்பார்களே, அந்தக் கொக்கித் தராசு ஒன்று வேண்டும்.

விரலை விட்டு ஈரம் பார்த்தால் மேல்மண் மட்டும்தான் தெரியும். எடை பொய் சொல்லாது. காய்ந்த மண்ணோடு என் குழாய் 9 கிலோ. நன்றாக நனைத்து ராத்திரி முழுக்க வடியவிட்டால் 11. ஆக, மண் பிடித்து வைப்பது 2 கிலோ தண்ணீர்.

பரமக்குடி ஆராய்ச்சி நிலையத்தின் ‘அண்ணா (ஆர்) 4’ என்ற நெல் ரகத்தைப் போட்டேன். குழாய்க்கு நாலு விதை, 3 செ.மீ. ஆழம், முளைத்ததும் ஒன்றை விட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். மூன்று இலை வரும்வரை எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி தண்ணீர். பிறகு ஒன்றை 11க்குப் பக்கத்திலேயே வைத்து, இன்னொன்றை 10இல் நிறுத்தி, மூன்றாவதைத் தண்ணீரே இல்லாமல் விடுங்கள்.

முதலில் நிற்பது இலையின் நீட்டம். பச்சை மாறாது, பயிர் நன்றாக இருப்பது போலவே தெரியும். தினமும் புது இலையை ஸ்கேல் வைத்து அளந்தால்தான் குட்டு வெளிப்படும். அடுத்தது சுருளல்: இலையின் மேல்பக்கம் நரம்புகளுக்கு நடுவே இருக்கும் பெரிய செல்கள் நீரிழந்து தொய்ய, இலை குழல் மாதிரி உள்பக்கம் மடியும். மதியம் இரண்டு மணிக்குச் சுருண்டு, காலை ஆறரைக்கு விரிந்திருந்தால் பயிர் சமாளிக்கிறது. காலையிலும் விரியாமல் கிடந்தால்தான் ஆபத்து. அதற்கப்புறம் அடி இலைகள் நுனியிலிருந்து கருகும், தூர் வெடிப்பது (அடியிலிருந்து பக்கக் கிளை விடுவது) தள்ளிப்போகும். அப்பா இத்தனை வருஷமும் மதியம் பார்த்துவிட்டுத்தான் புலம்பியிருக்கிறார்!

கடைசியில் குழாயை நெடுக்காக அறுத்து வேரைக் கழுவிப் பாருங்கள். ஈரக் குழாயில் எனக்கு வேர் மேலேயே பந்தாக இருந்தது. 10 கிலோவில் நிறுத்தியதில் மெலிந்து கீழே இறங்கியிருந்தது.

இன்னொன்று. புழுதியில் கிடக்கும் விதைக்கு வறட்சியால் ஒன்றும் ஆகாது. தூறல் போட்டு, முளை வந்த பிறகு மண் காய்ந்தால்தான் போச்சு. இதற்கு விதையைக் கடினப்படுத்தலாம்: லிட்டருக்கு 10 கிராம் பொட்டாசியம் குளோரைடு கரைத்து, 16 மணி நேரம் ஊறவைத்து, நிழலில் பழைய எடைக்குக் காயவைக்க வேண்டும். வெள்ளையாக முளை எட்டிப் பார்த்துவிட்ட விதையை மட்டும் திரும்பக் காயவைக்காதீர்கள். முதல் தடவை அப்படித்தான் நான் அரைக் கிலோவைக் கெடுத்தேன்.