மூலிகைத் தோட்டப் பலகையில் என்எஃப்சி ஸ்டிக்கர்: போனை வைத்ததும் பக்கம் திறக்க

பள்ளி மூலிகைத் தோட்டத்தில் துளசிச் செடி முன்னால் ஒரு பெயர்ப்பலகை இருக்கிறது. அதன்மேல் போனை வைத்ததும் துளசி பற்றிய தமிழ் விக்கிப்பீடியா பக்கம் திறக்க வேண்டும். இதற்கு ஒரு சின்ன என்எஃப்சி (மிக அருகில் வைத்தால் மட்டும் கம்பியில்லாமல் தகவல் பரிமாறும் நுட்பம்) ஸ்டிக்கரும் இலவச ஆப் ஒன்றும் போதும். ஸ்டிக்கருக்கு பேட்டரி வேண்டாம். போன் வெளியிடும் 13.56 மெகாஹெர்ட்ஸ் அலையிலிருந்தே அதற்கு வேண்டிய மின்சாரம் கிடைக்கிறது. அதனால்தான் போனை ஒட்டினாற்போல் வைக்க வேண்டியிருக்கிறது. நாலு சென்டிமீட்டருக்கு மேல் தள்ளினால் படிக்காது.

எந்த ஸ்டிக்கர் வாங்குவது

ஸ்டிக்கருக்குள் இருக்கும் சில்லின் வகையைப் பார்த்து, என்டேக் 213, 215, 216 என்ற மூன்றில் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். கொள்ளளவு முறையே 144, 504, 888 பைட். மைஃபேர் கிளாசிக் என்ற வேறு வகைச் சில்லின் பெயர் போட்டிருந்தால் வேண்டாம்: ஐபோனில் இணைப்பு திறக்காது, பல ஆண்ட்ராய்டு போன்களிலும் திறக்காது. கதவு திறக்கும் 125 கிலோஹெர்ட்ஸ் வில்லைகளும் பார்க்க இதே மாதிரிதான் இருக்கும். எந்தப் போனும் அவற்றைப் படிக்காது.

அளவு 25 மில்லிமீட்டர் விட்டத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். உள்ளே சுற்றியிருக்கும் செம்போ அலுமினியமோதான் ஆன்டெனா. அது சின்னதாகப் போகப் போக, சரியான இடத்தைத் தேடிப் போனைத் தேய்க்க வேண்டிவரும்.

தமிழ் இணைப்பு ஏன் வீங்குகிறது

தமிழில் செய்பவர்கள் முதலில் தடுக்கி விழுவது இங்கேதான். பிரவுசரில் தமிழ்த் தலைப்புள்ள பக்கத்தின் இணைப்பை நகலெடுத்து ஒட்டினால், தமிழெழுத்து மறைந்து சதவீதக் குறிகளின் வரிசை வரும். ‘துளசி’யை எடுத்துக்கொள்ளுங்கள். கணினிக்கு அது த, உகரக் குறி, ள, ச, இகரக் குறி என 5 குறியீடு. ஒவ்வொரு குறியீடும் இணைப்பில் 9 எழுத்தாக விரியும். ஆக அந்த ஒரு சொல்லுக்கே 45 பைட். விக்கிப்பீடியா முகவரியின் மீதிப் பகுதிக்கு 22, ஸ்டிக்கரில் இணைப்புக்கு முன்னால் ஆப் எழுதும் குறிப்புக்கு 5. மொத்தம் 72. தொடக்கத்தில் வரும் ‘எச்டிடிபிஎஸ்’ பகுதி ஒரே பைட்டாகச் சுருக்கப்பட்டு அந்த 5-க்குள் அடங்கிவிடும்.

என்டேக் 213-இல் 144 பைட் என்று போட்டிருந்தாலும், ஆப்பில் பார்த்தால் 137 என்றுதான் காட்டும். மீதி ஸ்டிக்கரின் உள்கணக்குக்குப் போய்விடும். துளசிக்கு அது தாராளம். கீழாநெல்லிக்கு 117 பைட், அதுவும் அடங்கும். கரிசலாங்கண்ணி 13 குறியீடு. 144 பைட் கேட்கும். எழுத முடியாது என்று ஆப் பிழை காட்டும். ஸ்டிக்கர் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள், இடம் போதவில்லை, அவ்வளவுதான். 215 வாங்கலாம். அல்லது விக்கிமீடியா நடத்தும் இணைப்புச் சுருக்கியில் கொடுத்துக் குறுகிய முகவரியாக்கிக்கொள்ளலாம். விக்கிப்பீடியா பக்கங்களுக்கு இரண்டாவது வழிதான் எங்கள் பரிந்துரை.

எழுதும் முறை

ஆண்ட்ராய்டில் அமைப்புகளைத் திறந்து, தேடும் பெட்டியில் என்எஃப்சி என்று தேடி ‘ஆன்’ செய்யுங்கள். தேடியும் வரவில்லையென்றால் அந்தப் போனில் அந்த வசதி பெரும்பாலும் இல்லை. விலை குறைந்த போன்கள் பலவற்றில் இருப்பதில்லை. ஐபோனில் தனியாக ஆன் செய்ய எதுவுமில்லை. எழுதுவதற்கு ஐபோன் 7 அல்லது அதற்குப் பிந்தையது, ஐஓஎஸ் 13 அல்லது அதற்கு மேல் வேண்டும்.

1. ‘என்எஃப்சி டூல்ஸ்’ ஆப்பை நிறுவுங்கள்.
2. ‘ரைட்’ பகுதியில் ‘ஆட் எ ரெக்கார்ட்’ தொட்டு, ‘யூஆர்எல்’ வகையைத் தேர்ந்தெடுங்கள். ‘டெக்ஸ்ட்’ வகையில் இணைப்பை ஒட்டினால் வெறும் எழுத்தாகத்தான் நிற்கும், பக்கம் திறக்காது.
3. இணைப்பை ஒட்டுங்கள். ‘எச்டிடிபிஎஸ்’ என்ற முன்பகுதி தனிப் பட்டியலில் ஏற்கெனவே இருந்தால், ஒட்டியதில் அதை அழித்துவிடுங்கள். இரண்டு முறை வந்தால் பக்கம் திறக்காது.
4. ‘ரைட்’ தொட்டு, ஸ்டிக்கர்மேல் போனை வையுங்கள். முடிந்தது என்று ஆப் சொல்லும்வரை அசைக்க வேண்டாம். நடுவில் எடுத்துவிட்டால் மறுபடி எழுதினால் சரியாகிவிடும்.

எந்த இடத்தில் வைப்பது? ஐபோனில் ஆன்டெனா மேல் விளிம்பில் இருக்கிறது. போனின் தலையை ஸ்டிக்கரில் படவையுங்கள். ஆண்ட்ராய்டில் போனுக்குப் போன் மாறும். முதுகின் நடுவிலிருந்து கேமராப் பக்கமாக மெதுவாக நகர்த்திப் பாருங்கள்.

திறந்து பார்ப்பது

ஆப்பை மூடிவிட்டுச் சோதியுங்கள். ஆண்ட்ராய்டில் திரை ஒளிர்ந்து பூட்டுத் திறந்திருக்க வேண்டும். பக்கம் நேராகத் திறக்கும். ஐபோன் எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர் முதல் வந்தவற்றில் திரைமேல் ஓர் அறிவிப்பு வரும், அதைத் தொட்டால்தான் திறக்கும். கேமரா ஓடிக்கொண்டிருந்தாலோ விமானப் பயன்முறையில் இருந்தாலோ ஐபோன் படிக்காது. போன் உறைக்குள் தட்டிப் பணம் செலுத்தும் வங்கி அட்டை இருந்தால் அதுவும் குறுக்கே வரும், எடுத்துவிட்டுப் பாருங்கள்.

ஒட்டும் இடம்

தகரப் பலகையில் சாதாரண ஸ்டிக்கர் ஒட்டவே ஒட்டாதீர்கள். கையில் வைத்துச் சோதித்தபோது நன்றாகப் படித்தது, பலகையில் ஒட்டியதும் செத்துப்போன மாதிரி இருக்கும். போனின் காந்த அலை உலோகத்தில் சுழல் மின்னோட்டத்தைக் கிளப்பும். அது அலையையே விழுங்கிவிடும். தகரம்தான் என்றால், அடியில் ஃபெர்ரைட் படலம் (அலை உலோகத்துக்குப் போகாமல் தடுக்கும் காந்தப் பொருள்) வைத்த, உலோகத்துக்கென்றே செய்த ஸ்டிக்கர் கேளுங்கள். மரம், பிளாஸ்டிக், அக்ரிலிக் எல்லாம் சரி. 3 மில்லிமீட்டர் அக்ரிலிக் பலகைக்குப் பின்பக்கம் ஒட்டினால் முன்னாலிருந்து தாராளமாகப் படிக்கும், வெயிலும் மழையும் நேராகப் படாது.

பூட்டுவது கடைசியில்

பூட்டாத ஸ்டிக்கரை யார் வேண்டுமானாலும் தங்கள் போனால் அழித்து, மோசடிப் பக்கத்தின் இணைப்பை எழுதிவிடலாம். பிள்ளைகள் தொடும் இடம், ஆகவே கட்டாயம் பூட்ட வேண்டும். ஆப்பின் ‘அதர்’ பகுதியில் ‘லாக் டேக்’ இருக்கிறது. இது நிரந்தரம், திறக்க வழியே கிடையாது. எழுத்துப்பிழையோடு பூட்டினால் ஸ்டிக்கர் குப்பைக்குத்தான். ஆகவே பலகையில் ஒட்டி, ஓர் ஆண்ட்ராய்டிலும் ஓர் ஐபோனிலும் திறந்து பார்த்து, துளசிக்குத் துளசிப் பக்கம்தான் வருகிறதா என்று உறுதிசெய்த பிறகே பூட்டுங்கள்.

என்எஃப்சி இல்லாத போன் வைத்திருப்பவர்களுக்காக, அதே இணைப்பின் கியூஆர் குறியீட்டையும் பலகையின் ஓரத்தில் அச்சடித்து ஒட்டிவிடுங்கள்.