கிட்டங்கி வாடகையும் நிரம்பல் விகிதமும்: புதியவர்கள் கணக்குப் பார்ப்பது எப்படி?

திருநெல்வேலி பேட்டையில் என் பெரியப்பாவுக்கு ஒரு கிட்டங்கி (சரக்குக் கிடங்கு) இருக்கிறது. ஒரு காலத்தில் நெல் மூட்டை அடுக்கியிருந்த அந்தக் கட்டடத்தைத் தடுத்துச் சிறு சிறு அறைகளாக்கி, மாற்றலாகிப் போகிற அரசு ஊழியர்களுக்கும் பந்தல்காரர்களுக்கும் சிறு வியாபாரிகளுக்கும் மாத வாடகைக்கு விட்டிருக்கிறார். வாடகை எப்படிப் போகிறது என்று கேட்டால், "ரூமெல்லாம் நெறஞ்சுதாம்ல கெடக்கு" என்பார். ஆனால் பங்குனியில் கணக்கை முடிக்கும்போது, நிறைந்து கிடக்கிற கட்டடத்திற்கு ஏற்ற பணம் பெட்டியில் இருப்பதில்லை. இந்த முரண் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கும் வழியைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

அமெரிக்காவில் இத்தொழிலைச் செல்ஃப் ஸ்டோரேஜ் என்பார்கள். நம் பழைய கிட்டங்கியில் சரக்குக்குக் கணக்குப்பிள்ளை பொறுப்பு. இதிலோ பூட்டும் சாவியும் வாடகைக்காரருடையவை, இடம் மட்டுமே உரிமையாளருடையது. ஆகவே இங்கே விற்கப்படுவது சதுர அடியும் மாதமும்தான். கணக்கும் அவ்விரண்டிலிருந்தே தொடங்க வேண்டும்.

படி 1: அறைப் பட்டியல்

ஒரு நோட்டிலோ எக்செல் தாளிலோ ஒவ்வோர் அறைக்கும் ஒரு வரி ஒதுக்கி, அதன் எண், பரப்பு, பலகையில் எழுதியுள்ள வாடகை, உள்ளே இருப்பவர் வந்த தேதி, அவர் உண்மையில் தரும் வாடகை ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். அட்வான்ஸ் திருப்பித் தர வேண்டிய பணம் என்பதால் அதை வருமானத்தில் சேர்க்கக் கூடாது. நீங்கள் ஜி.எஸ்.டி. பதிவு பெற்றவராக இருந்தால், வாடகைக்கு மேல் வாங்கும் 18 விழுக்காட்டையும் நீக்கிவிட்டே எழுத வேண்டும். கணக்கு புரிவதற்காக, 50 சதுர அடியில் 24 அறை, 100 சதுர அடியில் 12 அறை, 300 சதுர அடியில் 4 அறை என்று 40 அறைகள் கொண்ட ஒரு கிட்டங்கியை வைத்துக்கொள்வோம். இனி வரும் ரூபாய்க் கணக்கெல்லாம் நானாக வைத்துக்கொண்டது. ஊர் நிலவரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

படி 2: நிரம்பலை இரண்டு விதமாக அளப்பது

சிறிய அறைகளில் 22, நடுத்தர அறைகளில் 11, பெரிய அறைகளில் 1 என்று 34 அறைகளில் பூட்டுத் தொங்குகிறது என்றால், அறைக் கணக்கில் நிரம்பல் 85 விழுக்காடு. அதையே சதுர அடியில் பாருங்கள். மொத்தப் பரப்பு 3,600. வாடகைக்குப் போனது 1,100, 1,100, 300 ஆகியவற்றின் கூட்டாகிய 2,500. அதாவது 69 விழுக்காடுதான். நடைபாதையில் நின்று பார்ப்பவர் கண்ணுக்குப் பூட்டுகள்தாம் தெரியுமே தவிர, மூன்று பெரிய அறைகள் காலியாக இருப்பதால் கட்டடத்தில் கால் பங்கு சும்மா கிடப்பது தெரியாது. பெரியப்பா ஏமாந்த முதல் இடம் இதுதான்.

படி 3: வாடகை ஒன்றல்ல, மூன்று

புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இந்தப் படியில்தான் என்பதால் இதைச் சற்று விரித்துச் சொல்கிறேன். பலகையில் எழுதியிருப்பது ஒரு வாடகை. ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள் சராசரியாகத் தருவது இன்னொன்று. இந்த மாதம் புதிதாக வந்தவர் பேரம் பேசி முடித்தது மூன்றாவது. நம் ஊரில் பழைய வாடகைக்காரரிடம் வாடகையைக் கூட்டிக் கேட்பதற்குக் கூச்சப்படுவார்கள் என்பதால் இரண்டாவது எண் எப்போதும் பின்தங்கியே நிற்கும். நம் கிட்டங்கியில் சிறிய அறைக்குப் பலகை விலை 900 ரூபாய். ஆனால் 14 பேர் பழைய 750 ரூபாயே தருகிறார்கள், 6 பேர் 900 தருகிறார்கள், 2 பேர் பாக்கி வைத்துவிட்டு எட்டிப் பார்ப்பதே இல்லை. ஆக, சிறிய அறைகளில் வந்து சேர்வது 15,900. நடுத்தர அறைக்குப் பலகை விலை 1,600. 7 பேர் 1,400, 4 பேர் முழு விலை தருவதால் 16,200. பெரிய அறை ஒன்றுக்கு 3,600. மொத்தம் 35,700 ரூபாய்.

எல்லா அறைகளும் நிறைந்து, எல்லோரும் பலகை விலையையே தந்தால் வரக்கூடியது 55,200 ரூபாய். அதில் 35,700 என்பது ஏறத்தாழ 65 விழுக்காடு; இதை வருமான நிரம்பல் என்று சொல்லலாம். ஒரே கட்டடத்திற்கு 85, 69, 65 என மூன்று எண்கள் கிடைத்துவிட்டன. செலவுக்குப் பணம் தருவது கடைசி எண் மட்டுமே.

படி 4: போக்கைப் பார்ப்பது

ஒரு மாதத்து எண்ணை வைத்து ஏறுமுகமா இறங்குமுகமா என்று சொல்ல இயலாது. சென்ற மாதத்தோடு ஒப்பிடுவதும் தவறு. சென்ற ஆண்டின் இதே மாதத்தோடுதான் ஒப்பிட வேண்டும். பிசான அறுவடை முடிந்து நெல்லுக்கு இடம் தேடும் மாசி, பங்குனியையும், பள்ளி விடுமுறையில் மாற்றலும் வீடு மாறுதலும் நடக்கும் மே மாதத்தையும், தீபாவளிச் சரக்கு வந்து இறங்கும் புரட்டாசியையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டால் எந்த முடிவும் தேறாது. மேலும், 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் தாமிரபரணி பெருகித் திருநெல்வேலிச் சந்திப்புப் பகுதியைச் சூழ்ந்ததுபோன்ற நிகழ்ச்சிகளை நோட்டின் ஓரத்தில் குறித்து வையுங்கள். அதற்கு அடுத்து வந்த மாதங்களை வழக்கமான மாதங்களாகக் கொண்டால் கணக்கு பிசகும்.

படி 5: நிரம்பலையும் வாடகையையும் சேர்த்து வாசிப்பது

இதற்கு அமெரிக்கச் சந்தையைவிட நல்ல பாடம் இல்லை. 1972-இல் கலிபோர்னியாவில் தொடங்கிய பப்ளிக் ஸ்டோரேஜ் போன்ற பெரிய நிறுவனங்கள் பங்குச் சந்தையில் இருப்பதால், நிரம்பலையும் சதுர அடி வாடகையையும் காலாண்டுதோறும் வெளியிடுகின்றன. (அந்த நிறுவனம் தரும் சதுர அடி வாடகை ஓர் ஆண்டுக்கு உரியது, நம் மாதக் கணக்கோடு ஒப்பிடுமுன் 12-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்.) கொரோனாக் காலத்தில், 2021-இல், அங்கே கிட்டங்கிகள் முன்னெப்போதும் இல்லாத அளவுக்கு நிறைந்தன, புதியவர் வாடகையும் வேகமாக ஏறியது. பிறகு வீட்டுக்கடன் வட்டி ஏறத்தொடங்கி, 30 ஆண்டுக் கடனுக்கு 2021-இல் 3 விழுக்காட்டை ஒட்டி இருந்தது 2023 அக்டோபரில் 8 விழுக்காட்டை நெருங்கியது. வீடு வாங்கி மாறுகிறவர்கள் அத்தொழிலின் முக்கிய வாடிக்கையாளர்களில் ஒரு பகுதியினர். 2023-இல் அங்கே பழைய வீடுகளின் விற்பனை 1995-க்குப் பின் மிகக் குறைந்த நிலைக்கு இறங்கியபோது, கிட்டங்கியில் புதிதாக இடம் தேடுவோரும் குறைந்தனர்.

அப்போது நிறுவனங்கள் செய்ததைக் கூர்ந்து பாருங்கள். காலி அறை கண்ணில் படக் கூடாது என்பதற்காகப் புதியவருக்கு வாடகையை வெகுவாகக் குறைத்து உள்ளே அழைத்தன. சில மாதம் சென்றபின், பொருள்களை அள்ளிக்கொண்டு வேறிடம் போகிற அலுப்பை நம்பி, அவருக்கே வாடகையைக் கூட்டின. இதனால் நிரம்பல் 90-க்கு மேலேயே நின்றது. புதியவர் வாடகையோ பழையவர் தருவதைவிடக் கீழே போயிற்று. நிரம்பலை மட்டும் பார்த்தவருக்கு எதுவும் நடக்காததுபோலத் தோன்றியிருக்கும். சந்தை திரும்பும்போது முதலில் அசைவது புதியவர் வாடகை, அடுத்து நிரம்பல், கடைசியில்தான் மொத்த வருமானம். ஆகவே உங்கள் நோட்டில் முதலில் பார்க்க வேண்டிய கட்டம், இந்த மாதம் வந்தவர் என்ன விலைக்குப் படிந்தார் என்பதே.

நம் பகுதிக்கு இதை அப்படியே பொருத்த முடியாது. பழையவரைப் பிடித்துவைத்து வாடகை கூட்டும் உத்தி, எல்லோரும் எல்லோரையும் அறிந்த மேலப்பாளையத்திலோ வள்ளியூரிலோ ஒருமுறைதான் செல்லும் என்பது என் எண்ணம். நம்மிடம் சிக்கல் நேர்மாறானது: பழையவர் குறைவாகத் தருகிறார், புதியவர் முழு விலை தருகிறார். ஒப்பந்தம் எழுதும்போதே ஆண்டுக்கு இவ்வளவு கூடும் என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் பிறகு கேட்கக் கூச்சம் வராது.

படி 6: கேட்டு வந்தவர் ஏடு

இதை யாரும் வைத்திருப்பதில்லை. அறை கேட்டு வந்து, இல்லை என்று திரும்பியவர் எந்த அளவு அறை கேட்டார், என்ன விலை சொன்னார் என்று எழுதிவையுங்கள். நம் கிட்டங்கியில் காலியாக உள்ள ஒரு பெரிய அறையை ஆறு சிறிய அறைகளாகத் தடுத்தால், 3,600 ரூபாய்க்குப் பதிலாகப் பலகை விலையில் 5,400 வரும். நடைபாதைக்கு இடம் விட வேண்டியிருப்பதால் ஐந்தே அறைதான் தேறும் என்றாலும் 4,500. ஆனால் சிறிய அறைகளிலேயே இரண்டு காலியாக இருக்கும்போது, ஐந்து புதிய அறைக்கு ஆள் வருவார்களா என்பதை இந்த ஏடு மட்டுமே சொல்லும். பெரியப்பா கொத்தனாரை வரச்சொல்லிவிட்டார். ஏட்டில் மூன்று மாதக் கணக்குச் சேரும்வரை பொறுக்கும்படி சொல்லி, செங்கல் லாரியை மட்டும் நிறுத்தி வைத்திருக்கிறேன்.