மாணவர் பந்தயக் காருக்கு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட்: வடிவமைப்பு முதல் டியூனிங் வரை

மாணவர்கள் தாங்களே கட்டிய கார்களோடு மோதும் ஃபார்முலா ஸ்டூடண்ட் போட்டியில் ஓடும் பெட்ரோல் எஞ்சினுக்குள் செல்லும் காற்று முழுவதும் 20 மி.மீ. விட்டமுள்ள ரெஸ்ட்ரிக்டர் (காற்றைக் கட்டுப்படுத்தும் குறுகிய துளை) வழியாகவே போக வேண்டும். அந்தத் துளையில் காற்று ஒலியின் வேகத்தை எட்டிவிட்டால், எஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் விநாடிக்குச் சுமார் 75 கிராமுக்கு மேல் காற்று கிடைக்காது. எனவே 600 சிசி பைக் எஞ்சினோடு வரும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை (சிலிண்டர்களின் எரிந்த வாயுவை ஒன்றுசேர்த்து வெளியேற்றும் பைப் தொகுதி) அப்படியே பொருத்துவதில் பயனில்லை. அது ரெஸ்ட்ரிக்டரோடு நமக்குப் பயன்படாத உயர் ஆர்பிஎம்முக்காக (நிமிடச் சுழற்சி வேகம்) செய்யப்பட்டது.

முதல் படியாக, எந்த ஆர்பிஎம்முக்கு டியூன் செய்வது என்று முடிவு செய்யுங்கள். பழைய ஓட்டங்களின் டேட்டா லாகர் பதிவில் எஞ்சின் அதிக நேரம் எந்த வேகத்தில் இருந்தது என்று பார்த்தாலே விடை கிடைத்துவிடும். உச்ச குதிரைத்திறனைத் துரத்துவதைவிட, வளைவிலிருந்து வெளியேறும் வேகத்தில் டார்க் (முறுக்கு விசை) குறையாமல் பார்த்துக்கொள்வதே மேல் என்பது என் கருத்து.

அடுத்தது பைப்பின் நீளம். எக்ஸாஸ்ட் வால்வு திறந்ததும் கிளம்பும் அழுத்த அலை, பைப்புகள் கலெக்டர் என்ற பொதுக் குழாயில் சேரும் இடத்தை அடைந்ததும் அதன் ஒரு பகுதி உறிஞ்சும் அலையாக மாறித் திரும்புகிறது. இன்டேக், எக்ஸாஸ்ட் வால்வுகள் இரண்டும் சற்றே திறந்திருக்கும் ஓவர்லாப் நேரத்தில் அது வால்வை வந்தடைந்தால், மிச்சமிருக்கும் எரிந்த வாயுவை வெளியே இழுத்து, புதிய கலவைக்கு இடம் ஏற்படுத்தும். சூடான வாயுவில் ஒலியின் வேகத்தை (விநாடிக்குச் சுமார் 550 மீட்டர்) அலை போய்வர வேண்டிய கிராங்க் கோணத்தால் பெருக்கி, ஆர்பிஎம்மின் 12 மடங்கால் வகுத்தால் நீளம் மீட்டரில் வரும். 150 பாகை, 9,000 ஆர்பிஎம் எனக் கொண்டால் விடை சுமார் 0.76 மீட்டர். சிலிண்டர் ஹெட்டுக்குள் இருக்கும் போர்ட்டின் (வாயு வெளியேறும் வழி) நீளமும் இதில் அடக்கம் என்பதால், அதைக் கழித்துவிட்டுத்தான் பைப்பை வெட்ட வேண்டும். அலை ஒரே கணத்தில் தோன்றி மறைவதில்லை, அகன்றே வருகிறது. ஆகவே இதைத் தொடக்க மதிப்பாக மட்டும் வைத்துக்கொண்டு, முடிந்தால் ஒருபரிமாண சிமுலேஷனிலும் சரிபாருங்கள்.

நான்கு சிலிண்டர் எஞ்சினில் நான்கு பைப்புகளையும் நேராக ஒன்றில் சேர்ப்பது குறுகிய ஆர்பிஎம் வரம்பில் வலுவான பலன் தரும். 1–4, 2–3 சிலிண்டர்களின் பைப்புகளை முதலில் இரண்டிரண்டாக இணைத்துப் பின் ஒன்றாக்கினால் பலன் அகன்ற வரம்பில் பரவும். புதிய அணிக்கு இரண்டாவதே ஏற்றது.

செய்யும்போது வளைவுகளின் நீளத்தை மையக்கோட்டில்தான் அளக்க வேண்டும். ஃபிளாஞ்சை (எஞ்சினோடு பொருந்தும் தட்டை) தடித்த தகட்டில் போல்ட் போட்டு இறுக்கிய பிறகே டிஐஜி வெல்டிங் செய்யுங்கள். இல்லாவிட்டால் அது வளைந்து, கேஸ்கெட் கசியும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் வெல்டிங்கின்போது பைப்பின் உள்ளேயும் ஆர்கான் வாயுவை ஓட விடுங்கள். 700 மி.மீ. ஸ்டெயின்லெஸ் பைப் 600 பாகை செல்சியஸ் சூடேறினால் ஏறத்தாழ 7 மி.மீ. நீள்கிறது. அதனால் கலெக்டரை வெல்டு செய்யாமல், ஒன்றுக்குள் ஒன்று நழுவும் இணைப்பாகச் செய்து ஸ்பிரிங்கால் பிடித்துவைப்பது நல்லது. டைனோவில் (எஞ்சின் திறனை அளக்கும் கருவி) நீளத்தை மாற்றிப் பார்க்கவும் இதே இணைப்பு உதவும்.

ஆக்ஸிஜன் சென்சாரைக் கலெக்டருக்குப் பின், அதன் முனை கீழ்நோக்கிச் சரிந்திருக்குமாறு பொருத்துங்கள். கிடையாக வைத்தால் நீர்த்துளி தேங்கிச் சென்சாரில் விரிசல் விழக்கூடும். அதற்கு முன்னால் சிறு கசிவு இருந்தாலும் வெளிக்காற்று புகுந்து, கலவை உண்மையில் இருப்பதைவிட மெலிந்ததாகக் காட்டும்.

டைனோவில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நீளம் கூடினால் டார்க் உச்சம் கீழ் ஆர்பிஎம்முக்கு நகரும். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் எரிபொருள் மேப்பை (எந்த நிலையில் எவ்வளவு எரிபொருள் என்ற அட்டவணை) திருத்திவிட்டே ஒப்பிட வேண்டும்; ஏனெனில் சிலிண்டர் நிரம்பும் அளவே மாறியிருக்கும்.

இவை அனைத்தையும் சைலன்சர் மாட்டிய நிலையிலேயே செய்யுங்கள். ஒலிச் சோதனையில், பைப் முனையிலிருந்து 0.5 மீட்டர் தொலைவில் 45 பாகைக் கோணத்தில் அளக்கும்போது ஐடிலில் 103, மற்ற வேகங்களில் 110 டெசிபல் (சி) என்பதே வழக்கமான வரம்பு. அந்த ஆண்டின் விதிநூலையும் ஒருமுறை பாருங்கள். சைலன்சருக்குள் இருக்கும் கண்ணாடி இழை எரிந்து தேயத் தேயச் சத்தம் கூடும் என்பதால், போட்டிக்கு முன் அதைப் புதிதாக நிரப்பிவிடுங்கள்.