பகடை பேஸ்பால் லீக்: ஸ்கோர் நோட்டு எழுதுவது எப்படி?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஞாயிறு மதியம் நாங்கள் நாலு பேர் கூடுவோம். ஆடுவது ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக், 1961இல் ஹால் ரிச்மன் விற்கத் தொடங்கிய பேஸ்பால் அட்டை ஆட்டம். மூன்று பகடை உருட்டி அட்டையைப் பார்த்தால் ஹிட்டா (பந்தை அடித்து ஒரு பேஸையாவது, அதாவது ஓடிச் சேரும் மூலையையாவது, எட்டினாரா) அவுட்டா என்று தெரிந்துவிடும். அது சுலபம். எழுதி வைப்பதில்தான் புதியவர்கள் சறுக்குகிறார்கள்.

முதலில் ஒரு லாங் சைஸ் நோட்டு வாங்குங்கள். எடுத்ததுமே எக்செல் வேண்டாம், எங்கள் பக்கம் கரண்டை நம்ப முடியாது. ஒரு ஆட்டத்துக்கு ஒரு பக்கம், ஒரு பேட்டருக்கு ஒரு வரி. அட்-பேட், ரன், ஹிட், வாக் (பிட்சர் நாலு பந்தைத் தவறாக வீசியதால் பேட்டர் சும்மா முதல் பேஸுக்குப் போவது) என்று கட்டம் போடுங்கள்.

அடுத்து, எது அட்-பேட், அதாவது பேட் பிடிக்க வந்ததில் சராசரிக் கணக்கில் சேரும் முறை? வாக், உடம்பில் பந்து பட்டுப் போவது, சாக்ரிஃபைஸ் (தான் அவுட்டாகி பேஸில் இருப்பவரை முன்னேற்றுவது), இவை மூன்றும் அட்-பேட்டில் சேராது. சராசரி என்பது ஹிட்டை அட்-பேட்டால் வகுப்பது; கிரிக்கெட் சராசரியை மறந்துவிடுங்கள். ஃபார்முலா சரியா என்று பார்க்க அமெரிக்க பேட்டர் டெட் வில்லியம்ஸின் 1941ஆம் ஆண்டுக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்: 456 அட்-பேட், 185 ஹிட். .406 வந்தால் சரி.

பகடையை டப்பாவில் போடும் முன் ஒரு சரிபார்ப்பு உண்டு. ஒரு அணியில் பேட் பிடிக்க வந்த மொத்த எண்ணிக்கையும், அவுட் + ரன் + இன்னிங்ஸ் முடிந்தபோது பேஸில் நின்றுபோனவர்கள் என்ற கூட்டுத்தொகையும் ஒன்றாக இருக்க வேண்டும். 27 அவுட், 5 ரன், 6 பேர் நின்றார்கள் என்றால் 38. நோட்டில் 37 இருந்தால் யாரோ ஒருவருடைய வாக் விட்டுப்போயிருக்கிறது. அப்போதே தேடினால் கிடைக்கும், மறுநாள் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

அப்புறம் பிட்சர், அதாவது பந்து வீசுபவர். நான் ஒரு சீசன் முழுக்கக் கோட்டை விட்ட இடம் இது. ஒரு இன்னிங்ஸுக்கு மூன்று அவுட்; 5.2 இன்னிங்ஸ் என்றால் ஐந்து இன்னிங்ஸும் இரண்டு அவுட்டும், தசமம் இல்லை. ஒருவர் 5.2, அடுத்த ஆட்டத்தில் 6.2 வீசினார். எக்செல் இரண்டையும் கூட்டி 11.4 என்றது, நானும் நம்பினேன். உண்மையில் 17 அவுட்டும் 20 அவுட்டும் சேர்ந்து 37, அதாவது 12.1 இன்னிங்ஸ். அவர் கொடுத்த எர்ன்ட் ரன் (ஃபீல்டர் தப்பால் வராத ரன்) 5. சரியான ஈஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்கு எத்தனை எர்ன்ட் ரன் என்ற சராசரி) 3.65, என் கணக்கில் 3.95! அந்த அணிக்காரர் இன்னும் சொல்லிக் காட்டுகிறார். அதனால் நோட்டில் இன்னிங்ஸ் எழுதாதீர்கள், அவுட்டை எழுதுங்கள். எர்ன்ட் ரன்னை 27ஆல் பெருக்கி அவுட்டால் வகுத்தால் ஈஆர்ஏ வந்துவிடும்.

கடைசியாக, தரவரிசைக்கு ஒரு வரம்பு வையுங்கள். இல்லையென்றால் ஒரே ஒரு முறை வந்து ஒரு ஹிட் அடித்தவர் 1.000 சராசரியோடு முதலிடத்தில் உட்கார்ந்துகொள்வார். அமெரிக்காவின் மேஜர் லீக்கில் அணியின் ஒரு ஆட்டத்துக்கு 3.1 முறை பேட் பிடிக்க வந்திருக்க வேண்டும், இந்த 3.1 மட்டும் அசல் தசமம்தான். உங்கள் லீகில் 20 ஆட்டம் என்றால் 62.