வடசென்னையில் வண்டி எடுப்பவருக்கு: சலான் வந்தால் கட்டுவதா, கேள்வி கேட்பதா?

மூலக்கடை மேம்பாலத்துக்கு அடியில் மச்சானை ஓரம் கட்டினார்கள். மலேசியாவின் கிள்ளானிலிருந்து வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. மாதவரம் பக்கம் வாடகைக்கு வீடு பார்க்க என் ஸ்பிளெண்டர் பைக்கை அவர் ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். இரண்டு பேர் தலையிலும் ஹெல்மெட். இன்டர்நேஷனல் பெர்மிட்டைக் காட்டினார், அதில் குறை இல்லை.

"ஸ்ட்ராப் எங்க சார்?" என்றார் எஸ்.ஐ.

மச்சானின் தாடைக்குக் கீழே வார் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. "தலையிலதானே சார் இருக்கு." எஸ்.ஐ. பதில் சொல்லவில்லை. கை மெஷினில் நம்பரைத் தட்டினார், துண்டுச் சீட்டு வந்தது. 1,000 ரூபாய். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே மச்சான் கேட்டது: "இந்தச் சம்மனுக்கு எப்ப டிஸ்கவுண்ட் போடுவாங்க?"

மலேசியாவில் அது சம்மன், இலங்கைக்காரர்களுக்குத் தண்டப்பணம், இங்கே சலான். தள்ளுபடி வரட்டும் என்று காத்திருக்கும் பழக்கத்தைக் கடலுக்கு அந்தப் பக்கமே விட்டுவிட்டு வாருங்கள். ஸ்ட்ராப் விஷயத்தில் வாதாட ஒன்றுமே இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 129-ஆம் பிரிவே வார் போட்டு இறுக்கியிருக்க வேண்டும் என்கிறது. பின்னால் உட்காருபவருக்கும், நான்கு வயது தாண்டிய பிள்ளைக்கும் அதே விதி. அந்தச் சலானை மறுநாளே கட்டிவிட்டோம்.

ஆனால் எல்லாச் சலானும் அப்படி இல்லை. வெளிநாட்டிலிருந்து புதிதாக வருபவர்கள் இரண்டு விதமாகத் தப்பு செய்கிறார்கள். பயந்து உடனே கட்டுவார்கள். இல்லையென்றால் ஊர் திரும்பும்வரை கண்டுகொள்ளாமல் விடுவார்கள். நான் சொல்வது ஒன்றுதான்: கட்டுவதற்கு முன்னால் சலானைப் படியுங்கள். வண்டி நம்பர், படம், எந்தப் பிரிவு என்ற மூன்றையும் பாருங்கள். சில குற்றங்களுக்கு இரண்டாவது தடவை அபராதம் எகிறும். செய்யாததை ஒப்புக்கொண்டு கணக்கைத் தொடங்கிவைக்க வேண்டாம்.

லைசன்ஸ்

வெளிநாட்டு லைசன்சோடு இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட்டும் வேண்டும். அதை உங்கள் நாட்டிலேயே, விமானம் ஏறுவதற்கு முன்னால் வாங்கிவிட வேண்டும். ஆயுள் ஒரு வருடம். தங்கப் போகிறீர்கள் என்றால் ஆர்.டி.ஓ. என்ற வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் இந்திய லைசன்ஸ் எடுப்பதே நல்லது. தண்டையார்பேட்டை என்றால் வண்டி நம்பர் டி.என். 03, ரெட் ஹில்ஸ் என்றால் டி.என். 18 என்று ஆரம்பிக்கும். எந்த அலுவலகம் என்பதை உங்கள் முகவரி முடிவு செய்யும். எல்.எல்.ஆர். என்ற பழகுநர் உரிமம் வாங்கி 30 நாள் கழித்துத்தான் டெஸ்ட். அதுவரை வெள்ளையில் சிவப்பு 'எல்' ஒட்ட வேண்டும். பைக்கில் பின்னால் கற்றுக்கொடுப்பவரைத் தவிர வேறு யாரையும் ஏற்றக் கூடாது. எல்.எல்.ஆரை வைத்துக்கொண்டு மனைவியை ஏற்றிக்கொண்டு காசிமேட்டுக்கு மீன் வாங்கப் போகிறவர்களை நான் பார்க்கிறேன், போலீசும் பார்க்கிறது.

லைசன்ஸ் இல்லாமல் ஓட்டினால் 5,000 ரூபாய். இதில் உறவுக்குள் சண்டை வரவைக்கும் இன்னொரு பிரிவு இருக்கிறது: லைசன்ஸ் இல்லாதவருக்கு வண்டி கொடுத்த சொந்தக்காரருக்குத் தனியாக 5,000. வந்த விருந்தாளி கேட்கிறாரே என்று சாவியை நீட்டும் சித்தப்பாக்கள் கவனிக்க.

பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். மலேசியாவில் 16 வயதிலேயே மோட்டார் சைக்கிள் லைசன்ஸ் உண்டு. இங்கே 16 வயதுக்கு 50 சி.சி.க்கு உட்பட்ட கியர் இல்லாத வண்டி மட்டும்தான். தெருவில் ஓடும் ஸ்கூட்டிகள் எல்லாம் அதைத் தாண்டியவை. மற்றதற்கு 18 ஆக வேண்டும். வயது வராத பிள்ளை ஓட்டி மாட்டினால் 2019-இல் சேர்த்த 199ஏ பிரிவு பெற்றோரையும் வண்டியின் சொந்தக்காரரையும் குற்றவாளியாகப் பார்க்கும். 25,000 ரூபாய் அபராதம், மூன்று ஆண்டுவரை சிறை, வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. பிள்ளைக்கு 25 வயதுவரை லைசன்ஸ் கிடையாது. தப்பிக்க அந்தப் பிரிவிலேயே ஒரு வழி உண்டு. எனக்குத் தெரியாமல் எடுத்துப் போனான், தடுக்க முடிந்ததை எல்லாம் செய்தேன் என்று நிரூபிக்க வேண்டும். நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில். சாவி டி.வி. மேல் கிடந்தது என்று நீங்களே சொன்னால் கதை முடிந்தது.

ராங் சைடு, போன், ஃப்ரீ லெஃப்ட்

எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் டிரெய்லர்கள் ஒன்றின் பின் ஒன்றாக நிற்கும். அதைத் தாண்டப் பொறுமை இல்லாமல் எதிர்ப்பக்கம் ஏறி வருபவர்கள் நிறைய. உள்ளூர்க்காரர்கள் செய்கிறார்களே என்று நீங்களும் பின்னால் போகாதீர்கள். சிவப்பில் பாய்வது, எதிர்த்திசையில் வருவது, கையில் போனைப் பிடித்துக்கொண்டு ஓட்டுவது என்று எல்லாமே 184-ஆம் பிரிவின் 'ஆபத்தான ஓட்டுதல்' பட்டியலில் இருக்கிறது. சட்டப்படி முதல் தடவைக்கு 1,000 முதல் 5,000 ரூபாய், அல்லது ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம்வரை சிறை. மூன்று ஆண்டுக்குள் மறுபடியும் என்றால் 10,000. தமிழ்நாட்டில் போனுக்கு ஸ்பாட்டில் 1,000 வாங்குகிறார்கள், அடுத்த தடவை 10,000.

போனில் மேப் பார்ப்பதற்கு மட்டும் விதி விலக்கு தருகிறது. வழி பார்க்க மட்டும், கவனம் சிதறாதபடி பயன்படுத்தலாம் என்று 2020-இல் மத்திய விதியைத் திருத்தினார்கள். அதனால் ஹேண்டில்பாரில் ஒரு மொபைல் ஹோல்டர் மாட்டிவிடுங்கள். ஹோல்டரில் மேப் ஓடியது என்பது நிற்கிற வாதம். காதுக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவில் போனைச் செருகிக்கொண்டு 'மேப்தான் சார்' என்பது நிற்காது.

கனடாவிலிருந்து வருபவர்களுக்கு: டொராண்டோவில் சிவப்பில் நின்று பார்த்து வலப்பக்கம் திரும்பலாம். இங்கே இடப்பக்கம் ஓட்டுகிறோம், அதனால் அதன் மறுபக்கம் 'ஃப்ரீ லெஃப்ட்'. ஆனால் போர்டு வைத்திருக்கும் சிக்னலில் மட்டும். போர்டு இல்லையென்றால் இடப்பக்கத்துக்கும் சிவப்பு சிவப்புதான்.

குடி

100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால்தான் எல்லை. இங்கிலாந்தில் 80. அங்கே கணக்காகக் குடித்து ஓட்டிய அளவு இங்கே ஜெயில் கணக்கு. முதல் தடவை 10,000 ரூபாய் அல்லது ஆறு மாதம்வரை சிறை, அல்லது இரண்டும். அடுத்த தடவை 15,000 அல்லது இரண்டு ஆண்டு. ஊத மாட்டேன் என்று மறுப்பது தற்காப்பு ஆகாது, அதற்காகவே கைது செய்யலாம். மெஷின் மேல் நம்பிக்கை இல்லையென்றால் டாக்டரிடம் ரத்தப் பரிசோதனை கேளுங்கள். அந்த ரிப்போர்ட்தான் கோர்ட்டில் பேசும். மாத்திரை, இருமல் மருந்து என்ற காரணங்களை மாஜிஸ்திரேட்டுகள் கேட்டுச் சலித்திருப்பார்கள்.

கை காட்டி நிறுத்தினால்

யூனிஃபார்மில் இருப்பவர் கேட்டால் லைசன்ஸ், ஆர்.சி. (வண்டிப் பதிவுச் சான்று), இன்சூரன்ஸ் எல்லாம் காட்டியாக வேண்டும். டிஜிலாக்கர், எம்-பரிவாகன் என்ற அரசு ஆப்களில் காட்டினால் போதும், ஒரிஜினல் வேண்டும் என்று கட்டாயப்படுத்த விதியில் இடமில்லை. கேலரியில் இருக்கும் போட்டோ இதில் சேராது. இன்சூரன்சே இல்லையென்றால் முதல் தடவை 2,000, பிறகு 4,000. இருந்தும் அப்போது காட்ட முடியவில்லை என்பது வேறு விஷயம்; அந்தத் தேதியில் பாலிசி உயிரோடு இருந்தது என்று கோர்ட்டில் காட்டினால் வழக்கு நிற்காது.

வண்டிச் சாவியை உருவுவதற்குச் சட்டத்தில் ஒரு வரியும் இல்லை. அதற்காக நடுரோட்டில் சட்டம் பேசிக் குரலை உயர்த்தாதீர்கள். 'சார், எந்த செக்‌ஷன்ல போடுறீங்க?' என்று மெதுவாகக் கேட்பதே போதும். ரொக்கம் நீட்டாதீர்கள். கார்டு, யு.பி.ஐ., இல்லையென்றால் பிறகு ஆன்லைனில். ரசீது இல்லாமல் கை மாறும் பணம் அபராதம் அல்ல.

கேமரா சலான்

இதில்தான் கேள்வி கேட்க இடம் அதிகம்.

போன வருடம் என் ஸ்பிளெண்டருக்கு ஒரு எஸ்.எம்.எஸ். வந்தது. மூன்று பேர் ஏறிப் போனதாக 1,000 ரூபாய். இடம் ஊருக்குத் தெற்கே, நான் வருடத்துக்கு ஒரு தடவை எட்டிப் பார்த்தால் அதிகம். அன்றைக்கு வண்டி மெக்கானிக் கடையில் கார்புரேட்டரைக் கழற்றிப் போட்டுக் கிடந்தது. படத்தைத் திறந்து பெரிதாக்கினேன். சிவப்பு ஸ்கூட்டர். அதன் பிளேட்டில் 3-ஐ 8 ஆக்கியிருந்தது ஒரு சேற்றுப் பொட்டு.

கட்டவில்லை. இ-சலான் தளத்திலேயே புகார் போட்டேன். சலான் நம்பர், வண்டியை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் எடுத்த நான்கு படம், ஆர்.சி. நகல், மெக்கானிக் பில். பில்லில் தேதி இருந்தது தற்செயல்தான். அதிலிருந்து தேதி போடாத பில்லை வாங்குவதில்லை. மூன்று வாரத்தில் சலான் ரத்தானது.

2021 ஆகஸ்டில் வந்த 167ஏ விதியைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். கேமரா இருக்கிறது என்று அதற்கு முன்னாலேயே எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும். கருவிக்குச் சான்றிதழ் வேண்டும், அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். குற்றம் நடந்த 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். படத்தில் இடமும் தேதியும் நேரமும் தெரிய வேண்டும். இதில் ஏதாவது இடித்தால் அதுவே உங்கள் வாதம்.

ஆம்புலன்சுக்கு வழி விட்டுக் கோட்டைத் தாண்டினீர்களா? வழி விடாததற்கே 10,000 ரூபாய் அபராதம் உண்டு, ஆகவே அது நல்ல காரணம். இடமும் நேரமும் அன்றைக்கே குறித்து வையுங்கள். நோயாளியை ஏற்றிக்கொண்டு ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு விரைந்தீர்கள் என்றால் ஓ.பி. சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

வாட்ஸ்அப்பில் சலான் என்று ஆப் ஃபைலோ லிங்க்கோ வந்தால் தொடாதீர்கள், வங்கிக் கணக்கைத் துடைத்துவிடுவார்கள். உண்மையான தளத்தின் முகவரி பரிவாகன் டாட் கவ் டாட் இன் என்றுதான் முடியும்.

செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்குபவர்கள் காசு கொடுப்பதற்கு முன்னால் அந்தத் தளத்தில் வண்டி நம்பரைப் போட்டு பழைய சலான் பாருங்கள். விற்றுவிட்டு ஊர் போகிறவர்கள் பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30 போட்டு 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். நேம் டிரான்ஸ்ஃபர் ஆகாதவரை வாங்கியவன் செய்யும் கூத்துக்கெல்லாம் நோட்டீஸ் உங்கள் பெயருக்கே வரும்.

கோர்ட்டுக்குப் போனால்

கட்டாத சலான் விர்ச்சுவல் கோர்ட்டுக்கு, அதாவது ஆன்லைன் நீதிமன்றத்துக்குப் போகும். அங்கே இரண்டு வழி: குற்றத்தை ஒப்புக்கொண்டு கட்டலாம், அல்லது வழக்காடுகிறேன் என்று தேர்ந்தெடுக்கலாம். இரண்டாவதை அழுத்தினால் வழக்கு நேரடி நீதிமன்றத்துக்கு மாறும். சிறு குற்றங்களுக்கு நீங்களே போக வேண்டும் என்றில்லை, வக்கீல் மூலம் ஆஜராகலாம். ரிட்டர்ன் டிக்கெட் தேதி நெருங்குகிறவர்கள் கிளம்பும் முன்னாலேயே வக்கீலுக்கு அதிகாரம் தரும் வக்காலத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுங்கள்.

வக்கீலுக்குக் காசில்லையென்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வக்கீல் தருவார்கள். மாநில ஆணைக்குழு ஐகோர்ட் வளாகத்துப் பக்கத்தில், வடக்குக் கோட்டைச் சாலையில் இருக்கிறது. பெண்களுக்கும் எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கும் வருமானம் பார்க்க மாட்டார்கள். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. தண்டையார்பேட்டையிலிருந்து பீச் பக்கம் போகும் எந்த பஸ்ஸும் சரி. பைக்கில் போனால் அங்கே நிறுத்த இடம் தேடியே இன்னொரு சலான் வாங்கிவிடுவீர்கள். ஜெராக்ஸை மட்டும் வீட்டுப் பக்கத்திலேயே இரண்டு செட் எடுத்துக்கொண்டு போங்கள், பாரிமுனையில் வரிசை நீளம்.