மலையை எழுதி மண்டபத்தில் விற்பது: நாவலைச் சொந்தமாக வெளியிடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் பினாங்கிலும் கெடாவிலும் தம் நாவலைத் தாமே அச்சிட்டு வெளியிட முன்வருவோர் அண்மைக் காலத்தில் பெருகி வருகிறார்கள். அவர்களுள் பலர் தோட்டத்தையும் மலையையும் கடற்கரையையும் களமாகக் கொண்டு எழுதுவது எனக்குப் பெரு மகிழ்ச்சி தருகிறது. ஆனால் ஆலோசனை கேட்டு வருகிறவர்கள், தொடக்கத்தில் நான் இடறிய அதே இடங்களில் இடறுவதைக் காணும்போது பேசாமல் இருக்க முடியவில்லை. பிழை திருத்தாமல் அச்சுக்கு அனுப்புவது, எழுத்துருவைப் பொடியாக வைப்பது போன்றவை எவருக்கும் தெரிந்த குறைகள்; அவற்றை விட்டுவிடுகிறேன். ஓர் ஊரின் மண்ணையும் மரத்தையும் நம்பி எழுதப்பட்ட நாவலை விற்பதில் நேரும் தவறுகள் மட்டுமே இங்கே.

அட்டையில் வேற்று நாட்டுக் காடு

கெடாவின் ரப்பர்த் தோட்டத்தில் நடக்கும் ஒரு கதைக்கு, இணையப் படக்கிடங்கிலிருந்து மேப்பிள் காடு ஒன்றை எடுத்து அட்டையாக்கியிருந்தார் ஒரு தம்பி. செந்நிற இலைகள் உதிர்ந்து கிடக்கும் அழகான படம். ஆனால் பால்மரம் என்று நாம் சொல்லும் ரப்பர் மரத்துக்கே ஆண்டுதோறும் இலையுதிர்வு உண்டு. நம் வடக்கு மாநிலங்களில் ஏறத்தாழ ஜனவரி முதல் மார்ச் வரையிலான வறண்ட காலத்தில் அதன் இலைகள் பழுத்துச் சிவந்து உதிரும். சில வாரங்களில் இளந்தளிர் வரும். அக்காலத்தில் பாலும் குறையும், பால்வெட்டுக்காரரின் வருமானமும் குறையும். அந்தச் சிவப்பு எது என்பதைத் தோட்டத்தில் வளர்ந்த ஓர் அத்தையோ மாமாவோ ஒரே பார்வையில் சொல்லிவிடுவார். நாவலின் முதல் வாசகர்கள் அவர்கள்தாம். பிப்ரவரியில் ஒரு தோட்டத்துக்குச் சென்று கைப்பேசியில் எடுத்த படமே போதுமானதாக இருந்திருக்கும்.

கேட்டவருக்கெல்லாம் இலவசப் பிரதி

மதிப்புரை எழுதுவதாக ஒப்புக்கொண்டவருக்கு மட்டும் கொடுங்கள்.

வெளியீட்டு விழாவை நம்பி ஆயிரம் பிரதி அச்சிடுவது

இதைப் பற்றி நான் பலமுறை பேசியிருக்கிறேன். இன்னும் கோபம் தணியவில்லை. நம் நாட்டில் தமிழ் நூல் வெளியீடு என்பது பெரும்பாலும் ஒரு மண்டபம், ஒரு சிறப்பு விருந்தினர், ஒரு நூலாய்வு, பிறகு வரிசையாக மேடையேறி அன்பளிப்பு உறையைக் கொடுத்து நூலைப் பெற்றுக்கொள்ளும் நண்பர்கள், உறவினர்கள் என்றே அமைகிறது. ஆதரவு குறைந்த சூழலில் எழுத்தாளரைத் தாங்கிப் பிடிக்க நம் சமூகம் உண்டாக்கிக்கொண்ட நல்ல வழக்கம் அது. அதை நான் குறை கூறவில்லை. அந்த ஒரு மாலைப் பொழுதையே சந்தைப்படுத்தல் என்று எடுத்துக்கொண்டு, அதற்கேற்ப அச்சு எண்ணிக்கையை முடிவு செய்வதையே குறை கூறுகிறேன்.

பிரதிகளின் எண்ணிக்கை கூடக்கூட ஒரு பிரதியின் அச்சுச் செலவு குறையும் என்பது உண்மை. சென்னையில் அச்சிட்டுக் கப்பலில் வரவழைத்தால் இன்னும் குறையும். இந்தக் கணக்கைக் காட்டித்தான் அனுபவம் உள்ளவர்கள் புதியவரை ஆயிரத்துக்குத் தள்ளுகிறார்கள். விழாவில் போட்ட பணம் திரும்பிவிடும் என்றும் உறுதி கூறுகிறார்கள். பணம் பல வேளைகளில் திரும்பியும் விடுகிறது. ஆபத்து அங்கேதான் இருக்கிறது. உறையில் வந்த பணம் எழுத்தாளர் மீதுள்ள அன்புக்காகவும் அவருடைய குடும்பத்தின் மீதுள்ள மரியாதைக்காகவும் வந்தது. நாவலைப் படிக்கும் ஆவலால் வந்தது அதில் எவ்வளவு என்பது எழுத்தாளருக்குத் தெரிய வழியே இல்லை. கையிலுள்ள தொகை வாசகர் இல்லாத குறையை மறைத்துவிடுகிறது. இரண்டாம் நாவல் வரும்போதுதான் அது வெளிப்படும். அதே ஆதரவாளர்களை ஊரிலுள்ள எல்லா எழுத்தாளர்களும் ஆண்டு முழுவதும் அழைத்துக்கொண்டிருப்பதால், அவர்களுடைய கை இரண்டாம் முறை தாராளமாக நீளாது. அப்போது புதிய நூலைத் தேடிக் கேட்கும் வாசகர் என்று சொல்லிக்கொள்ள ஒருவரும் இருக்கமாட்டார்.

மீதமாகும் பிரதிகளின் கதை இன்னும் வேதனையானது. இருநூற்றைம்பது பக்க நாவல் ஆயிரம் பிரதி என்றால் ஏறத்தாழ 300 கிலோ காகிதம் வீட்டுக்குள் வருகிறது. பினாங்கில் காற்றின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டியும் சராசரி வெப்பம் 27 பாகை செல்சியஸை ஒட்டியும் இருக்கும். ஈரப்பதம் 65 விழுக்காட்டுக்கு மேல் நீடித்தாலே காகிதத்தில் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கிவிடும். பட்டவொர்த்தில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், கரையோரச் சதுப்பில் வளரும் கண்டல் காட்டையும் அதை நம்பி வாழும் மீனவர்களையும் வைத்து மிக நுட்பமான நாவல் ஒன்றை எழுதினார். விழா சிறப்பாக நடந்தது. மிஞ்சிய பெட்டிகளை மாடிப்படிக்குக் கீழே, சிமெண்டுத் தரையின் மீது, சுவரை ஒட்டி அடுக்கி வைத்தார்கள். அந்த ஆண்டு மழைக்காலம் முடிந்து முதல் பெட்டியைத் திறந்தபோது முதுகுப்பட்டைகளில் பூஞ்சணம் படர்ந்திருந்தது. அடிப்பெட்டிகளுக்குள் சுவர் விளிம்பிலிருந்து மண்குழாய் கட்டிக் கரையான் ஏறியிருந்தது. நம் நகரங்களின் வீடுகளைப் பெரிதும் தாக்கும் கோப்டோடெர்மஸ் வகைக் கரையான் நிலத்தடியிலிருந்து இவ்வாறே வரும். மரத்திலுள்ள செல்லுலோஸ் காகிதத்திலும் இருப்பதால் அதற்கு இரண்டும் ஒன்றே. அந்த அம்மா ஒரு சொல்லும் பேசாமல் பெட்டிகளை வாசலுக்கு இழுத்து வந்ததை நான் பார்த்தேன். கண்டல் மரத்தின் மூச்சுவேரை அத்தனை துல்லியமாக எழுதியவருக்கு, ஆயிரம் பிரதியை இந்த ஈரத்தில் எங்கே வைப்பீர்கள் என்று ஒருவர்கூட முன்கூட்டியே கேட்கவில்லை.

ஆகவே முதல் அச்சை இருநூறு அல்லது முந்நூறோடு நிறுத்துங்கள். உள்ளூர் டிஜிட்டல் அச்சகத்தில் ஒரு பிரதிக்குக் கூடுதலாகத்தான் ஆகும். விலையைச் சற்று உயர்த்தினால் வாசகர் கோபிக்கமாட்டார். விழாவைத் தாராளமாக நடத்துங்கள். ஆனால் நூல் வாங்குகிறவரின் பெயரையும் எண்ணையும், அவருடைய இசைவோடு, ஒரு குறிப்பேட்டில் எழுதி வாங்குங்கள். சில வாரங்கள் கழித்து, படித்தீர்களா, எந்த இடம் பிடித்தது என்று கேளுங்கள். பதில் சொல்கிறவர்களே உங்கள் வாசகர்கள்; அவர்கள் சுட்டிய பிழைகளைத் திருத்தி அடுத்த முந்நூறை அச்சிடலாம். இருப்பிலுள்ள பெட்டிகளைத் தரையில் வைக்காமல் இரும்பு அடுக்கில், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, காற்றோட்டமாக வையுங்கள். மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள்.

பருவம் பார்க்காமல் எழுதுவது, பருவம் பார்க்காமல் வெளியிடுவது

பினாங்கின் பாலிக் புலாவ் டுரியான் தோப்பில் நடக்கும் ஒரு கதையில், தைப்பூசத் தேர் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் புறப்படும் நாளின் இரவில் நாயகன் மரத்தடியில் விழுந்த பழங்களைப் பொறுக்குகிறான். அது ஆண்டுத் தொடக்கம். பினாங்கு மரங்கள் வறட்சிக்குப் பின் பூவிடும் காலம் அது. டுரியான் பூ மாலையில் விரியும். இரவில் வௌவால்கள் தேனுக்கு வந்து மகரந்தம் சேர்க்கும். மூன்று நான்கு மாதங்கள் கழித்தே பழம் முற்றித் தானாக விழும். பெரும்பருவம் ஏறக்குறைய மே முதல் ஜூலை வரை. தோப்புக்காரர் ஒருவர் அந்தப் பக்கத்தோடு நாவலை மூடிவிடுவார். காப்பிக்கடையில் நாலு பேரிடமும் அதைச் சொல்வார். இத்தகைய நாவலுக்கு அவர் வாயால் வரும் ஒரு நல்ல சொல், எந்த விளம்பரத்தைக் காட்டிலும் பெரிது.

அதே நாவலை ஜூன் மாதத்தில் வெளியிட்டிருந்தால், நாடெங்குமிருந்து பாலிக் புலாவுக்குக் கார்கள் வந்துகொண்டிருக்கும் நேரத்தில் அந்தத் தோப்பிலேயே அதை விற்றிருக்கலாம். ஆசிரியர் டிசம்பரில் நகரத்து விடுதி ஒன்றில் வெளியிட்டார்.

தேசிய நூலகத்தைக் கடைசியில் நினைப்பது

ஒரு நூலுக்குரிய பன்னாட்டு அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் எண்ணை மலேசியத் தேசிய நூலகம் கட்டணமின்றி வழங்குகிறது. அட்டையை அச்சுக்கு அனுப்பும் முன்பே விண்ணப்பியுங்கள். 1986ஆம் ஆண்டின் நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டப்படி, அச்சு நூல் வெளிவந்த ஒரு மாதத்துக்குள் ஐந்து பிரதிகளை அங்கே ஒப்படைக்க வேண்டும். சொந்த வெளியீட்டாளருக்கும் இது பொருந்தும். நம் நாவல்கள் குளிரூட்டப்பட்ட அறையில் நெடுங்காலம் பாதுகாக்கப்பட வேறு வழியும் இல்லை.

"இயற்கையை நேசிப்போருக்கான நாவல்" என்று அறிவிப்பது

இந்தத் தொடர் யாரையும் அழைப்பதில்லை. பினாங்கின் கொடிமலையில் (பினாங்கு ஹில்) நடக்கும் கதையென்றால், எந்தச் சரிவு, எந்த ஓடை, எந்தக் காலம் என்று சொல்லுங்கள். 2021இல் யுனெஸ்கோ கொடிமலையை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்த பிறகு அம்மலையைப் பற்றித் தெரிந்துகொள்ளும் ஆர்வம் நம்மவரிடையேயும் கூடியிருக்கிறது. தமிழில் அதற்கான நூல்கள் மிகக் குறைவு. தாவரவியல் பூங்காவிலிருந்து மலையுச்சிக்குச் செல்லும் ஜீப் சாலை ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர். விடியற்காலையில் வாசகர்கள் பத்துப் பேரை அழைத்துச் சென்று, கதை நடக்கும் திருப்பத்தில் நின்று அந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டலாம். ஒலிபெருக்கி வேண்டாம், கண்ணைச் சுற்றி வெள்ளை வளையமுள்ள கண்ணாடிக் குரங்குகள் மரத்தில் இருந்தால் அவை போகும்வரை காத்திருங்கள், படத்துக்காக உணவு நீட்டாதீர்கள். செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் இதை வைக்காதீர்கள். இங்கே மழை மிகுதியாகப் பெய்வது அப்போதுதான், சாலையும் வழுக்கும். நூல்களை நெகிழிப் பையில் சுற்றி எடுத்துச் செல்லுங்கள். வந்தவர்களின் எண்ணிக்கைக்கு மேல் இரண்டு பிரதி இருந்தால் போதும்.