கண்ணாடிக் குடுவையில் பிசின் கறை

தண்ணீர் வழியாகப் புகையை இழுக்கும் ஹூக்காவின் கண்ணாடிக் குடுவையில் பழைய தண்ணீரை இரண்டு வாரம் அப்படியே விட்டுவிட்டேன். அடியில் பழுப்புப் பிசின், நாற்றம் வேறு. அவசரத்தில் கொதிநீர் ஊற்றினேன். ‘டிக்’ என்றது, கழுத்தோரம் மயிரிழை விரிசல். குளிர்ந்த கண்ணாடிக்குத் திடீர்ச் சூடு ஆகாது. அது போச்சு.

அடுத்த குடுவைக்கு, கிருமி நீக்கப் பயன்படும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் ஒரு கை கல்லுப்பும். பிசின் ஆல்கஹாலில் இளகும். உப்பு அதில் அவ்வளவாகக் கரையாது, மணல்போல் உரசும். வாயை அடைத்துக் குலுக்கினால் தெளிந்த திரவம் தேநீர் நிறமாகிறது! ஜன்னல் திறந்திருக்கட்டும், அருகில் நெருப்பு வேண்டாம். அப்புறம் வெதுவெதுப்பான நீரில் வாசனை போகும்வரை அலசினேன். கடின நீர் விட்டுச்செல்லும் வெள்ளைப் படலத்துக்கு வினிகர் போதும். இப்போது ஒவ்வொரு முறையும் தண்ணீரைக் கொட்டிக் கவிழ்த்துவிடுகிறேன்.